விற்கப்போகும் வீட்டைப் படமெடுக்கும் முன்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் விற்பனைக்கு வரும் பழைய வீடுகளைப் படமெடுத்துக் கொடுப்பது என் தொழில். வீட்டுக்காரர் பெரும்பாலும் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். சாவி அவருடைய அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அண்ணனிடமோ இருக்கும். வாங்க நினைப்பவரும் பல நேரம் வெளியூர்க்காரர்தான். பஸ் ஏறி வருவதா வேண்டாமா என்பதைக் கைப்பேசியில் பார்க்கும் படங்களை வைத்தே முடிவு செய்கிறார். வீட்டைத் தயார் செய்கிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்து வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி (வாசலிலிருந்து கூடத்துக்குப் போகும் நடை), கூடம், முற்றம், இரண்டாம் கட்டு (முற்றத்துக்குப் பின்னுள்ள பகுதி), கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வாசற்படியில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு வரை பார்வை தடையில்லாமல் ஓட வேண்டும். அந்த ஒரு படம் சரியாக அமைந்துவிட்டால் வாங்குகிறவருக்கு வீடு புரிந்துவிடும். ஆகவே முதல் வேலை, அந்தப் பார்வையை மறிப்பதையெல்லாம் அகற்றுவது. ரேழியில் நிற்கும் மோட்டார் சைக்கிள், கூடத்தில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், முற்றத்தின் குறுக்கே கட்டிய துணிக்கொடி, தாழ்வாரத்து நீல டிரம், மழைக்குக் கட்டி அப்படியே விட்டுவிட்ட தார்ப்பாய் எல்லாம் வெளியேற வேண்டும். பரண்மேல் திணிக்காதீர்கள், உத்திரத்தைப் படமெடுக்கும்போது பரணும் தெரியும். ஓர் அறையில் மொத்தமாகப் போட்டுவிட்டு, மற்ற இடங்களை முடித்தபின் அந்த அறையைக் காலி செய்து எடுக்கலாம். குரங்குக்காக முற்றத்தின்மேல் போட்ட கம்பி இருக்கட்டும். அதில் சிக்கிய சருகுகளை மட்டும் தட்டிவிடுங்கள்.

அடுத்தது வெயில். இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காவிரிப் படுகை ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பார்த்த வீட்டின் முகப்பு தை மாதத்தில் நாள் முழுவதும் நிழலில் கிடக்கும். அதே முகப்பு ஆனியில் பளிச்சென்று இருக்கும். தெற்குப் பார்த்த வீட்டுக்குத் தை, மாசி சிறப்பு. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரும் அப்போது புதிதாக இருக்கும். கிழக்குப் பார்த்ததைக் காலையிலும் மேற்குப் பார்த்ததை நாலு மணிக்குமேலும் எடுங்கள். கொல்லை ஆற்றிலோ வாய்க்காலிலோ போய் முடிகிறதென்றால் தண்ணீர் வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தாலும், தண்ணீர் கல்லணையைத் தாண்டி உங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். வறண்ட மணலும் கருவேலமும் தெரியும் படித்துறையையும், தண்ணீர் தொட்டு ஓடும் படித்துறையையும் ஒரே இடமென்று வெளியூர்க்காரர் நம்பவே மாட்டார்.

முற்றத்தை நடுப்பகலில் எடுத்தால் நடுவில் வெள்ளைத் திட்டும் சுற்றிலும் இருட்டும்தான் மிஞ்சும். காலை எட்டு, ஒன்பது மணி போதும். மேகம் மூடிய நாள் அதைவிட நல்லது. எல்லா ஜன்னல்களையும் திறந்துவையுங்கள். மஞ்சள் பல்பும் வெள்ளை டியூப்லைட்டும் ஒரே கூடத்தில் சேர்ந்து எரிந்தால் ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும். ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

சிவப்பு ஆக்சைடு தரை படத்தில் மிக அழகாக வரும், கொஞ்சம் உழைத்தால். முதல் நாளே வெறும் தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். மறுநாள் பழைய வேட்டித் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்து, காய்ந்த துணியால் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். தூணின் பிம்பம் தரையில் தெரியத் தொடங்கும்போது நிறுத்தலாம். எண்ணெய் தங்கினால் வழுக்கும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதில் கவனம் தேவை. நிலைக்கதவின் பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டுத் துலக்குங்கள். வாசலில் ஒரு மாக்கோலம் போடுங்கள்.

சுவரில் உப்பு பூத்திருந்தால் அதன்மேல் அவசரமாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். சுண்ணாம்புக் காரைச் சுவரின் ஈரத்தைப் பிளாஸ்டிக் பெயிண்ட் வெளியேற விடாது. சீக்கிரமே கொப்புளம் கிளம்பும். பூத்ததைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, உள்ளபடியே படமெடுங்கள். உத்திரத்தில் கரையான் மண் ஏறியிருந்தால் அதற்கும் தனியாக ஒரு படம் வேண்டும். நேரில் வந்து கண்டுபிடிக்கிறவர் வீட்டை மட்டும் சந்தேகப்படுவதில்லை, உங்களையும் சேர்த்துத்தான்.

படத்தில் தெரிவதெல்லாம் விலையில் அடக்கம் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். ஊஞ்சல் பலகை, நெல் கொட்டி வைக்கும் பத்தாயம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம் ஆகியவற்றில் நீங்கள் எடுத்துப்போகப் போவதைப் படமெடுப்பதற்கு முன்பே அகற்றிவிடுங்கள். இதனால் முன்பணம் வரை வந்து முறிந்த பேச்சுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாலை போட்ட படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகன் தொலைபேசியில் “எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்” என்று சுலபமாகச் சொல்லிவிடுவார். திருவையாறு பக்கத்தில் ஓர் அம்மா, கணவர் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, “தம்பி, இதை நீங்கள் தொட வேண்டாம்” என்றார். நான் கொல்லையையும் கிணற்றடியையும் எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவரே அதைத் துடைத்துப் பூஜை அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். அந்த வேலையை வீட்டில் இருப்பவரே, அவருக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு செய்யட்டும். பூஜை அறையை நான் எந்த வீட்டிலும் திறந்து எடுப்பதில்லை. அளவை எழுதினால் போதும்.

கைப்பேசியில் நீங்களே எடுப்பதானால் லென்ஸைத் துடைத்துவிட்டு, கைப்பேசியைப் படுக்கைவாக்கில், மார்பு உயரத்தில், முன்னும் பின்னும் சாயாமல் பிடியுங்கள். தூண்கள் நேராக நிற்கும். அகலக் கோண லென்ஸ் வேண்டாம். பத்தடி அறையை மண்டபமாக்கிக் காட்டும்.

படத்தோடு அளவையும் எழுதுங்கள். நமக்குக் குழிக்கணக்கு பழக்கம். வெளியூர்க்காரருக்கு 1 குழி என்பது 144 சதுர அடி என்று பெருக்கிச் சொல்ல வேண்டும். கதவு எண், மின் அட்டை, பட்டா நகல், சுவர் நாள்காட்டியில் குறித்த தொலைபேசி எண்கள் எதுவும் படத்தில் விழக்கூடாது. பூட்டிக் கிடக்கும் வீடென்றால் கைப்பேசியின் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிட்டே எடுங்கள். தேக்குக் கதவையும் தூணையும் பெயர்த்து விற்பவர்களும் இந்த விளம்பரங்களைப் பார்க்கிறார்கள்.