பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கை எட்டுகிறதா பாருங்கள்

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் காக்பிட்டில் (விமானி உட்காரும் இடத்தில்) வால்வுகளை நிரந்தரமாகப் பொருத்தும் முன், சீட்டில் உட்கார்ந்து தோள்பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே வளைகுடாவில் விழுந்து இறந்தது லாங்-ஈஸி என்ற வீட்டுத் தயாரிப்பு விமானத்தில்தான். அதை வடிவமைத்த பர்ட் ருட்டானின் வரைபடத்தில், எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கும். டென்வரின் விமானத்தைக் கட்டிய வேறொருவரோ பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள் வர வேண்டாமென்று இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எண்ணம் நல்லதுதான். ஆனால் அதைத் திருப்ப உடம்பையே முறுக்க வேண்டும்; முறுக்கும்போது வலது கால் தன்னையறியாமல் ரடர் பெடலில் ஊன்றிவிடும்; அது விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் மிதி. கிளம்பும் முன் டென்வரும் மெக்கானிக்கும் பிளையரை வைத்து வால்வின் கைப்பிடியை எட்ட முயன்றார்கள், அப்போதும் எட்டவில்லை. அப்போதே பறக்காமல் இருந்திருக்கலாம்!

ஆகவே நீங்கள் வால்வைத் திருப்பும்போது ஸ்டிக்கும் (விமானத்தை இயக்கும் கைப்பிடி) பெடலும் அசைகிறதா என்று நண்பர் ஒருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், வால்வில் இடது, வலது, ஆஃப் என்று எழுதி ஒட்டுங்கள். டென்வரின் விமானத்தில் அதுவும் இல்லை.