உரப்பையில் உருளைக்கிழங்கு: வன்னியில் நாம் விடும் பிழைகள்

"செடி நல்லாத்தான் வந்தது, கிளறிப் பாத்தா கிழங்கைக் காணேல்லை." வன்னியில் சாடியிலோ உரப்பையிலோ உருளைக்கிழங்கு நட்டவர்கள் அடிக்கடி சொல்வது இது. உரத்தில் குறையிருக்கும் என்று நினைத்து யூரியாவைக் கூட்டுவார்கள். இலை இன்னும் செழிக்கும், கிழங்கு இன்னும் பிந்தும்.

பெரும்பாலும் காரணம் சூடு. மண் 15 முதல் 20 பாகை செல்சியசில் இருந்தால்தான் கிழங்கு நன்றாக வைக்கும். 30 பாகையைத் தொட்டால் அது ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே மாசி, பங்குனியில் நட வேண்டாம். கார்த்திகைக் கடைசி, பிந்தினால் மார்கழித் தொடக்கம். அப்போதுதான் கிழங்கு வைக்கும் நாட்கள் தைப் பனிக்குள் வரும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் இந்தக் காலத்தைத்தான் பிடிக்கிறார்கள்.

காலம் சரியாக இருந்தும் பை கெடுத்துவிடலாம். நிலத்துக்குக் கீழ்மண்ணின் குளிர்ச்சி உண்டு. பைக்கோ சுற்றிவர வெயில். கறுப்பு வாளியைச் சீமெந்து முற்றத்தில் வைப்பது மிகப் பெரிய பிழை. பின்னேரம் மூன்று மணிக்கு அதன் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே வேர் படும் பாடு விளங்கும். வெள்ளை உரப்பையை எடுங்கள். அடியில் துளையிட்டு, செங்கல்லின் மேல் வையுங்கள். காலை வெயில் பட்டு, பின்னேரம் வேலி நிழல் விழும் இடம் நல்லது. மேலே வைக்கோலைத் தடிப்பாகப் பரப்புங்கள். காலபோக வயலுள்ள ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

அடுத்தது விதை. கடைக்கிழங்கில் முளை அடக்கும் மருந்து பட்டிருக்கலாம், நோயும் ஒளிந்திருக்கலாம். சான்றுபடுத்திய விதைக்கிழங்கு கிடைக்கும் வரை காத்திருப்பது மேல். வெட்டி நடுவதென்றால், வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் விடுங்கள். மிளகாய், கத்தரி, தக்காளி நின்ற பாத்தி மண்ணைப் பைக்குள் போடவே வேண்டாம், அவையும் உருளைக்கிழங்கும் ஒரே குடும்பம், அவற்றின் நோய் இதற்கும் தொற்றும். பச்சையாக நின்ற செடி திடீரென வாடினால், தண்டை அறுத்துத் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். அந்தச் செடிக்கு மருந்தில்லை. அந்த மண் மறுபடி தோட்டத்துக்குப் போகக் கூடாது.

வன்னிச் செம்மண் காய்ந்தால் இறுகிவிடும். தும்புத்தூளும் மக்கிய மாட்டெருவும் தாராளமாகக் கலவுங்கள். சாம்பல் வேண்டாம், மண்ணின் காரத்தன்மை கூடினால் கிழங்கின் தோலில் சொறி விழும். மார்கழி மழையில் பை ஊறினால் விதைக்கிழங்கு அழுகும். மழை விட்டபின் தண்ணீரை ஒரு நாள் மறந்து மறுநாள் அள்ளி ஊற்றினால் கிழங்கு வெடிக்கும்.

செடி உயர உயர மண் அணையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கைச் சமைக்கக் கூடாது, அதில் சொலனைன் என்ற நஞ்சு ஏறியிருக்கும். சுமார் 90 நாளில் இலை மஞ்சளாகிச் சாயும். அப்போது தண்ணீரை நிறுத்தி, ஒரு கிழமை கழித்துப் பையைக் கவிழுங்கள். பெருவிரலால் தேய்த்தும் தோல் உரியாவிட்டால் கிழங்கு முற்றிவிட்டது.