கிட்டாருக்கு டிஜிட்டல் வயர்லெஸ் வாங்குவது எப்படி?

கிட்டாரில் மாட்டும் டிரான்ஸ்மிட்டரும் ஆம்ப் பக்கம் வைக்கும் ரிசீவரும் சேர்ந்ததே ஒரு செட்; கேபிளுக்குப் பதிலாக ரேடியோ அலையில் ஒலியை அனுப்பும். முதலில் ஒன்று: பெட்டியில் அச்சிட்ட தூரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். 30 மீட்டர் என்பது குறுக்கே ஆளே இல்லாத திறந்தவெளிக் கணக்கு. மேடையில் நீங்கள் திரும்பி நின்றாலே அது சுருங்கிவிடும்.

படி 1: அலைவரிசை

2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுக்குப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் வைஃபையும் புளூடூத்தும் அங்கேதான் இருக்கின்றன. ஒத்திகையில் ஒழுங்காக இருந்த செட், அரங்கம் நிறைந்ததும் விட்டுவிட்டுக் கேட்பது இதனால்தான். போதாததற்கு, மனித உடலில் உள்ள நீரும் இந்த அலையை உறிஞ்சும். அனலாக் என்றால் முதலில் இரைச்சல் வந்து எச்சரிக்கும்; டிஜிட்டலில் சத்தம் சட்டென்று நின்றுவிடும்.

5.8 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் ஆள் மறைத்தால் இன்னும் எளிதில் அறுபடும். யுஹெச்எஃப் (டிவி ஒளிபரப்பும் பயன்படுத்தும், இவற்றைவிடக் குறைந்த அலைவரிசை) உடலைச் சுற்றி நன்றாகவே வரும். ஆனால் அனுமதி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2020 ஜூலையோடு வயர்லெஸ் மைக், கிட்டார் செட்டுகளுக்கு மூடப்பட்டது. பழைய செட் வாங்குகிறவர்கள் அதன் அலைவரிசையைக் கட்டாயம் பாருங்கள்.

படி 2: தாமதம்

தந்தியை மீட்டியதற்கும் சத்தம் ஆம்ப்பில் வருவதற்கும் நடுவே டிஜிட்டல் செட் சிறிது நேரம் எடுக்கும். ஒரு மில்லிசெகண்டில் ஒலி சுமார் 34 செ.மீ. போகும். அப்படியானால் 4 மில்லிசெகண்ட் தாமதம், ஆம்ப்பை ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி வைத்ததற்குச் சமம், விரலுக்குத் தெரியாது. டிஜிட்டல் எஃபெக்ட்ஸ், டிஜிட்டல் மிக்சர், இன்-இயர் (காதில் மாட்டிக் கேட்கும் மானிட்டர்) எல்லாம் சேரும்போதுதான் சிக்கல். மொத்தமாகக் கூட்டி 10 மில்லிசெகண்டுக்குள் வைக்கப் பாருங்கள். சாதாரண புளூடூத் இதற்கு ஆகவே ஆகாது.

படி 3: டிரான்ஸ்மிட்டர்

ஜாக்கில் நேரடியாகச் செருகும் வகை எளிது. ஆனால் ஸ்ட்ராட்டோகாஸ்டர் போலக் குழிவான ஜாக்கில் சில மாடல்கள் முழுதாக இறங்காது. ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் இயங்கும் பிக்கப்) உள்ள கிட்டாரில் சில மாடல்கள் சத்தமே தராது, அல்லது இரைச்சலைத் தரும். இரண்டையும் வாங்குமுன் செருகிப் பார்த்துவிடுங்கள். ஓடியாடி வாசிப்பவருக்கு ஸ்ட்ராப்பில் மாட்டும் பெல்ட்பேக்கே (சிறு கேபிளால் கிட்டாரோடு இணையும் டிரான்ஸ்மிட்டர் பெட்டி) நல்லது.

படி 4: ரிசீவர் வைக்கும் இடம்

பாதிப் பிரச்சினை இங்கேதான் தீரும். ஆம்ப்புக்குப் பின்னாலோ இரும்பு ரேக்குக்குள்ளோ ஒளித்து வைக்காதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ரிசீவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வைஃபை ரூட்டரிலிருந்து சில மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

படி 5: டோன்

நீளமான கேபிள் ட்ரெபிளைக் கொஞ்சம் விழுங்கும். கேபிள் போனதும் சத்தம் கூர்மையாகும். கேபிளைப் போலவே ட்ரெபிளைக் குறைக்கும் "கேபிள் டோன்" வசதி இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ஆம்ப்பில் ட்ரெபிளைக் குறையுங்கள். பழைய பாணி ஃபஸ் பெடலை (சத்தத்தைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) முதலில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சங்கடம்: அது பிக்கப்போடு நேரடியாகப் பேச வேண்டிய பெடல். நடுவில் வயர்லெஸ் வந்தால், கிட்டார் வால்யூமைக் குறைத்துச் சத்தத்தைத் தெளிவாக்கும் வித்தை முன்போல எடுபடாது.

படி 6: மேடைக்குமுன்

மேடையின் நாலு மூலைக்கும் வாசித்துக்கொண்டே நடங்கள், முதுகைத் திருப்பியும் பாருங்கள். சார்ஜ் செய்யும் சிறிய வகைகள் பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரம் வரும். சவுண்ட் செக் முடிந்ததும் மறுபடி சார்ஜில் போடுங்கள். சோதித்த கேபிள் ஒன்றை ஆம்ப் பக்கத்திலேயே சுருட்டி வையுங்கள். பாட்டு நடுவில் வயர்லெஸ் அறுந்தால், முதலில் வால்யூமைக் குறைத்துவிட்டு அதைச் செருகுங்கள்.