பாங்காக்ல டாக்ஸிய விட்டுட்டு படகுல போங்க

பாங்காக் போறவங்க அரண்மனை, வாட் போ கோயில் பாக்க டாக்ஸி புடிச்சு டிராஃபிக்ல மாட்டிக்காதீங்க. ஸ்கை ட்ரெயின்ல சபான் தாக்சின் ஸ்டேஷன்ல இறங்குனா பக்கத்துலயே சாத்தோர்ன் படகுத்துறை, அங்க ஆரஞ்சு கொடி போட்ட படகு வரும், உள்ளூர் ஆளுங்க வேலைக்குப் போறதே அதுலதான், டிக்கெட் ரொம்ப கம்மி. நீலக்கொடி டூரிஸ்ட் படகு, காசு ஜாஸ்தி, அதனால கொடி கலர பாத்து ஏறுங்க. படகு துறையில ரொம்ப நேரம் நிக்காது, விசில் சத்தம் கேட்டதும் கெளம்பிரும், குழந்தைங்க, வயசானவங்க கூட இருந்தா இறங்குற எடம் வர்றதுக்கு முன்னாடியே ரெடியா எந்திரிச்சு நில்லுங்க. தா தியன் படகுத்துறையில இறங்குனா வாட் போ நடக்குற தூரம்தான், அங்கிருந்தே எதிர்க்கரை வாட் அருண் கோயிலுக்கு சின்ன ஃபெர்ரி இருக்கு. அரண்மனைக்கு தோள், முட்டி மூடுற டிரஸ் கட்டாயம். வெளிய யாராவது "இன்னிக்கு லீவு, வேற கோயிலுக்கு கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னா நம்பாதீங்க, நேரா கவுண்டர் வரைக்கும் போய்ப் பாருங்க.