எஸ்.எஸ்.டி.க்கு விண்டோஸை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ஆம்பூர் பக்கம் கடைகளிலும் தோல் கம்பெனி ஆபீஸ்களிலும் ஆமை வேகத்தில் ஓடும் கம்ப்யூட்டர் பலவற்றில் மதர்போர்டு நன்றாகவே இருக்கும். பழைய ஹார்டு டிஸ்க்தான் முட்டுக்கட்டை. சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்கி விண்டோஸை குளோன் செய்தால், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தால் போதும். இதில் டேட்டா போவது பெரும்பாலும் வேலையின் வரிசை மாறுவதால்தான்.

பேக்கப் எடுக்காமல் குளோனில் இறங்குவது முதல் தவறு. குளோன் என்பது டிஸ்க்கை ஒரே மூச்சில் படிப்பது. சாகக் கிடக்கும் டிஸ்க் அங்கேயே நின்றுவிடும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராமில் மஞ்சள் நிறம் காட்டினால் டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) டேட்டா, பில், போட்டோக்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். அந்த நிலையில் விண்டோஸின் செக் டிஸ்க் ரிப்பேரை ஓடவிடவே கூடாது. அது டிஸ்க்கை இன்னும் வாட்டும். இங்கே மே மாத மதியத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அதனால் காலையிலேயே தொடங்குங்கள். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். கட்டாயம்.

சி டிரைவை காப்பி–பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் ஃபைல்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிறிய தனி பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் ஒரு பகுதி) இருக்கின்றன.

வாங்கும்போது எம்.2 வடிவத்தை (மதர்போர்டில் நேராகச் செருகும் சிறிய அட்டை) மட்டும் பார்க்காதீர்கள். அதிலேயே சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு இணைப்பு வகைகள் உண்டு. ஸ்லாட் எதை ஏற்கும் என்று மதர்போர்டு மேனுவலில் பாருங்கள். 256 ஜி.பி. என்று விற்பது விண்டோஸில் சுமார் 238 தான் காட்டும். பழைய டிஸ்க்கில் 180 ஜி.பி.க்கு மேல் நிரம்பியிருந்தால் 512 வாங்குங்கள். புதிய டிஸ்க்கில் அடங்கும்படி பழைய சி டிரைவை ஷ்ரிங்க் செய்ய (சுருக்க) முடியவில்லையா? நகராத ஃபைல்கள் வழியை அடைத்திருக்கும். ஹைபர்னேஷனையும் (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்து அணையும் வசதி) பேஜ் ஃபைலையும் (மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்) தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு முயலுங்கள்.

லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். அதை அணைத்து, டீகிரிப்ட் (பூட்டு நீங்குவது) முழுதாக முடிந்த பிறகே குளோன். 48 இலக்க ரெகவரி கீயையும் முன்பே எழுதி வையுங்கள்.

குளோன் திரையில் எது பழையது, எது புதியது என்பதை டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாடல் பெயரைப் படித்துப் பாருங்கள். திசை மாறினால் காலி டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்படும். அதன்பின் திரும்ப எடுப்பது ஏறக்குறைய நடக்காது.

அதிகம் பேர் சறுக்குவது முதல் பூட்டில். குளோன் முடிந்ததும் ஷட் டவுன் செய்து, பவர் பிளக்கை எடுத்து, பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். இரண்டையும் மாட்டியபடியே ஆன் செய்தால், இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கும். அல்லது சத்தமில்லாமல் பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகும், அன்றைய பில்கள் அதிலேயே பதிவாகும். சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்குப் போனபின் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' நீலத் திரை வந்தால், பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்) ஸ்டோரேஜ் மோடு முன்பிருந்தபடியே உள்ளதா என்று பார்த்து, ஒருமுறை சேஃப் மோடில் பூட் செய்யுங்கள். பெரும்பாலும் டிரைவர் ஏறிவிடும்.

டேலி திறந்து, பிரின்டர் ஓடி, இரண்டு வாரமாவது தகராறில்லாமல் போகும்வரை பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாதீர்கள்.