சொன்னது காதில் விழவில்லை: அறுவை அரங்கில் தலைமை தவிர்க்க வேண்டிய தவறுகள்

2005-இல் இங்கிலாந்தில் 37 வயதுப் பெண் ஒருவர் சைனஸ் அறுவைக்காக மருத்துவமனைக்கு வந்தார். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சு தடைப்பட்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் தொண்டைக்குள் குழாய் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழிசெய்யும் கருவிகளை ஒரு செவிலியர் கொண்டுவந்தே விட்டார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டார். அதையெல்லாம் யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தப் பெண் 13 நாட்களில் இறந்தார்.

அறிவுக்கும் கருவிக்கும் அங்கே குறையில்லை. செவிலியர்கள் உணர்ந்தது முடிவெடுப்பவர்களை எட்டவில்லை. பொறுப்பு தலைமையுடையது என்றே நான் கருதுகிறேன். துணிந்து பேசாதவர்களைக் குறைசொல்வது நியாயமன்று.

"யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதே தலைவர்கள் செய்யும் பெரிய தவறு. தலைமை மருத்துவர் தன் கருத்தைச் சொன்ன பிறகு பயிற்சி மருத்துவர் மறுத்துப் பேசமாட்டார். ஆகவே இளையவரிடம் முதலில் கேளுங்கள். "சிஸ்டர், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று ஆளைப் பார்த்துக் கேளுங்கள். நெருக்கடியில் நேரத்தைக் கவனிக்க மட்டும் ஒருவரை நிறுத்துங்கள். கையும் கண்ணும் வேலையில் மூழ்கியவருக்கு நிமிடங்கள் ஓடுவது தெரியாது. அந்த அறையிலும் அதுதான் நடந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் தந்த அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை, அறுவை முடிந்த பிறகு நிரப்பும் தாளாக நடத்துவது அடுத்த தவறு. கத்தி வைக்குமுன் ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்கிறது அது. ஒருமுறை வாய் திறந்தவர் மறுமுறை திறக்கத் தயங்கமாட்டார். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்திய பிறகு, இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பிழை அறிக்கைகள் குறைவாக வந்தால் நிம்மதி அடைவதும் தவறு. 1996-இல் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் வெளியிட்ட ஆய்வில், வெளிப்படையாகப் பேச இடம் தந்த வார்டுகளில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. மற்ற இடங்களில் அவற்றை மறைத்தார்கள்.

இளையவரின் எச்சரிக்கை சில நாள் பொய்யாகும். அன்று தலைவரின் முகம் சுளித்தால், மறுநாள் முதல் அந்த அறையில் யாரும் எச்சரிக்கமாட்டார்கள். நன்றி சொல்ல வேண்டிய நாள் அதுவே, எல்லோர் முன்னிலையிலும்.