கட்டன் சாயாவை விடாமல் பல்லை வெள்ளையாக வைத்துக்கொள்வது எப்படி?

நான் செங்கோட்டையில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். ஒரு முகூர்த்தம் தென்காசி, அடுத்தது புனலூர் என்று ஆரியங்காவு வழியாகப் போவதும் வருவதும்தான் பிழைப்பு. இந்தப் பக்கம் ‘அக்கா’, மலைக்கு அந்தப் பக்கம் ‘சேச்சி’. எந்தப் பக்கத்துப் பெண்ணாக இருந்தாலும் கண்ணாடியில் சிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒன்றுதான்: “ஒயிட்டனிங் பண்ணினா எத்தனை நாள் நிக்கும்?” மூன்று வருஷத்துக்கு முன் நானே பண்ணிக்கொண்டதால் என் பல்லைக் காட்டியே பதில் சொல்கிறேன்.

கிளினிக்கில் செய்த வெளுப்பு பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை நன்றாக இருக்கும். பார்த்துக்கொண்டால் இரண்டு, மூன்று வருஷம்கூடப் போகும். சிகரெட், வெற்றிலை, நாளைக்கு ஐந்து கட்டன் சாயா (பால் விடாத டீ) என்று இருப்பவர்களுக்கு அதற்கு வெகு முன்பே மங்கிவிடும். நாற்காலியிலிருந்து இறங்கியதும் கண்ணாடியில் தெரிகிற வெள்ளையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜெல் போட்டு வாயைத் திறந்தே வைத்திருந்ததில் பல்லின் ஈரம் வற்றியிருக்கும், அதனால் கூடுதலாக வெளுத்துத் தெரியும். ஓரிரு வாரத்தில் கொஞ்சம் இறங்கி நிற்கும் நிறம்தான் உங்களுடையது. அதற்குள் “காசு போச்சே” என்று அழ வேண்டாம்.

முதலில், செய்தது ஒயிட்டனிங்தானா என்று பாருங்கள். எனக்கு முன்பு ஓர் இடத்தில் வெறும் கிளீனிங் செய்துவிட்டு ஒயிட்டனிங் என்று பில் போட்டார்கள். கிளீனிங் என்பது மேலே படிந்த காரையையும் கறையையும் சுரண்டி எடுப்பது, பல்லின் சொந்த நிறம் மாறாது. ஒயிட்டனிங்கில் பெராக்சைடு ஜெல் எனாமலைத் தாண்டி உள்ளே போய், நிறம் தரும் பொருள்களை உடைக்கிறது. முறையாகச் செய்பவர்கள் நிற அட்டையை முன்னும் பின்னும் பல்லோடு வைத்துக் காட்டுவார்கள், ஈறுக்குப் பூச்சு போட்டு மறைப்பார்கள், பிறகு பதினைந்து இருபது நிமிஷம் வீதம் இரண்டு மூன்று தடவை ஜெல் வைப்பார்கள். நீல விளக்கு இருந்தால்தான் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். விளக்கு இல்லாமலும் ஜெல் தன் வேலையைச் செய்யும்.

கேப் (பல்லின் மேல் மாட்டும் செயற்கை உறை) போட்ட பல்லும் அடைத்த பல்லும் வெளுக்காது. புனலூரில் ஒரு பெண்ணுக்கு முன் பல் ஒன்றில் கேப். மற்ற பல்லெல்லாம் பளிச்சென்று ஆகிவிட, அது மட்டும் மஞ்சளாகத் தனியே நின்றது. போட்டோவுக்கு வாயை மூடியே சிரித்தாள், பாவம். கேப்பையோ அடைப்பையோ மாற்றுவதானால் ஒயிட்டனிங் முடிந்து இரண்டு வாரம் கழித்து, நின்ற நிறத்துக்குப் பொருத்தமாக மாற்ற வேண்டும். உடனே அடைத்தால் பிடிப்பும் சரியாக இருக்காது. ஆகவே கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஓடாதீர்கள், ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். சிங்க மாசக் கல்யாணம் என்றால் கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில். ஆடியில் நல்ல காரியம் கூடாது என்பார்கள், பல்லுக்கு அந்த விதி கிடையாது.

முதல் 48 மணி நேரம் நிறமுள்ள எதுவும் வேண்டாம் என்று என் டாக்டர் சொன்னார். வெள்ளை பனியனில் சிந்தினால் கறை பிடிக்குமா என்று பாருங்கள், பிடித்தால் சாப்பிடாதீர்கள் என்பது அவர் வைத்த சோதனை. அப்படிப் பார்த்தால் குடம்புளி மீன்குழம்பு, பீட்ரூட் பச்சடி, இஞ்சிப்புளி, கட்டன் சாயா எல்லாம் தள்ளிவைக்க வேண்டியவை. ஹோட்டல் மேசையில் இளஞ்சிவப்பாக வைக்கிறார்களே, அந்தப் பதிமுகத் தண்ணீரும்தான். அதுவும் சாயமரம். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ஆப்பம், புட்டு, ஓலன், கஞ்சி, தயிர்சாதம் என்று வெள்ளைச் சாப்பாட்டுக்கு எல்லைப்பக்கத்துக்காரர்களுக்குக் குறையே இல்லை. நான் அந்த இரண்டு நாளையும் புட்டிலும் ஓலனிலும் ஓட்டினேன். மூன்றாம் நாள் ஒரு சத்யாவில், அதாவது இலை போட்ட மலையாள விருந்தில், உட்கார்ந்து இஞ்சிப்புளியை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பல் சுளீர் என்று வெட்டி இழுப்பது முதல் ஓரிரு நாளில் சகஜம். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட்டை ஒயிட்டனிங்குக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிட்டால் வலி குறைவு. சொத்தை, ஈறு வீக்கம் இருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போடலாம். தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கிற ஊர்களில் வளர்ந்தவர்களின் பழுப்புத் திட்டுக்கு இந்த ஒரு தடவை ஜெல் போதாது, டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

சாயாவுக்கு வருகிறேன். விடச் சொன்னால் நான் விடமாட்டேன் என்று டாக்டருக்கே தெரியும். தேயிலையின் டானினைப் பாலிலுள்ள கேசின் பிடித்துக்கொள்வதால் பால் சாயா பல்லில் ஒட்டுவது குறைவு. எனவே பகலில் பால் சாயா, கட்டன் காலையில் ஒன்று மட்டும் என்று மாற்றிக்கொண்டேன். அதையும் அரைமணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருக்காமல் சட்டென்று குடித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புகிறேன். எலுமிச்சை பிழிந்தது குடித்தால் அரைமணி நேரம் பொறுத்துத்தான் பிரஷ் எடுக்க வேண்டும். புளிப்பில் எனாமல் இளகியிருக்கும்.

உமிக்கரி இரண்டு பக்கத்துப் பாட்டிமாருக்கும் பொது. எங்கள் ஆச்சி உப்பும் சேர்த்துத் தேய்ப்பாள். அதையே இன்று டியூபில் அடைத்துச் ‘சார்க்கோல்’ என்று விற்கிறார்கள். சொரசொரப்பானது மேல் கறையை எடுக்கும், கூடவே எனாமலையும் தேய்க்கும். எனாமல் மெலிந்தால் உள்ளிருக்கும் மஞ்சள்தான் வெளியே தெரியும். காசு கொடுத்து வெளுத்த பல்லுக்கு அது வேண்டாம். மென்மையான பிரஷ், சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட் போதும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் நீட்டாதீர்கள், அதுவே பழுப்புக் கறை போடும்.

மூன்று வருஷம் இந்த நிறம் நின்றதற்கு உண்மையான காரணம், பல் அச்சு எடுத்துச் செய்த ட்ரே, அதாவது ஜெல் வைத்துப் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை. ஒயிட்டனிங் பேசும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிளீனிங் செய்துவிட்டு, மங்கியது போல் இருந்தால் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை ஓரிரு இரவு ட்ரேயில் வைத்துப் போட்டுக்கொள்வேன். ஒரு பல்லுக்கு ஒரு பருப்பளவு, முன்பக்கம் மட்டும். முதல் தடவை ‘கூடுதலாகப் போட்டால் கூடுதலாக வெளுக்கும்’ என்று தாராளமாகப் பிதுக்கினேன். காலையில் ஈறு வெள்ளைவெளேரென்று வெந்து, இரண்டு நாள் சாப்பாட்டில் மிளகாயையே காட்ட முடியவில்லை. இப்போது வழிந்ததைப் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஜெல் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். ட்ரேயைப் பச்சைத்தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீரில் அது நெளிந்துவிடும்.

எதுவரை வெளுக்கலாம் என்றால், கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அதைத் தாண்டினால் போட்டோவில் பொய்ப்பல் போலத் தெரியும். ட்ரே போடுவதற்கு முந்தின மங்கலான வாரங்களில் கல்யாணம் வந்துவிட்டால் இருக்கவே இருக்கிறது லிப்ஸ்டிக். ஆரஞ்சுச் சாயல் பல்லின் மஞ்சளை எடுத்துக்காட்டும். கொஞ்சம் நீலம் கலந்த சிவப்பைப் போட்டுப் பாருங்கள், அன்றைக்கு மட்டும் பல் ஒரு படி வெள்ளையாகத் தெரியும்.